எல்லைப்புறத்தில் மதுவிலக்கு

தகடூர் நாட்டின் பழம்புகழைப் பேசுவோர் அதியமான் நெடுமான் அஞ்சியையும் ஔவையாரையும் விட்டுவிட்டுப் பேசுவதில்லை. அவ்விருவரின் நட்பைப் பேசப் புகுந்தால் கள்ளும் உடன்வந்து சேர்கிறது. அதியமான் மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு (புறநானூறு, 235) கிடைத்த கள்ளை அவன் பகிர்ந்துகொண்ட பண்பிலிருந்தே தொடங்குகிறது. அதே தமிழ், கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரத்தைத் திருக்குறளில் ஒதுக்கியும் வைத்திருக்கிறது. ஒன்று கள்ளை ஈகையின் அடையாளமாகக் கண்டது; மற்றொன்று அறிவை அழிக்கும் நஞ்சாகக் கண்டது. ஆயினும் இரண்டும் குடிக்கும் மனிதனை நோக்கியே பேசின. குடியை அரசு தடுக்க வேண்டுமா, அனுமதித்து வரி வாங்க வேண்டுமா என்ற வினா பிற்காலத்தது. அவ்வினாவுக்குச் சென்னை மாகாணம் சட்டத்தின் வாயிலாகக் கண்ட முதல் விடை, 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், அந்தத் தகடூர் நாட்டையும் தன்னுள் அடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது.

பாரூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி வட்டத்தைச் சேர்ந்தது. தென்பெண்ணையாற்றின் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் பேரேரியால் பெயர் பெற்ற ஊர். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004இல். அதற்கு முன்னெல்லாம் இப்பகுதி முழுவதும் சேலத்துக்கு உட்பட்டதே. ஆகையால் பாரூர் வட்டாரத்தின் மதுவிலக்கு வரலாறு சேலத்தின் மதுவிலக்கு வரலாற்றில் அடங்கியது. ஆயினும், சேலம் நகரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒன்று இந்த வடபகுதியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியும். வடக்கிலும் மேற்கிலும் மைசூர்ச் சமஸ்தானம், வடகிழக்கில் சித்தூர் மாவட்டம், கிழக்கில் வடஆர்க்காடு. ஒரு நாளிலேயே நடந்து சென்று வேற்றரசின் மண்ணை மிதித்துத் திரும்பிவிடக்கூடிய ஊர்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் பலவுண்டு. மதுவிலக்கு பற்றிய நூல்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் ஒழுக்கம், உடல்நலம், வருவாய் ஆகியவற்றையே பேசியுள்ளன. எல்லைக்கோடு அவற்றில் ஓர் ஓரக் குறிப்பாகவே இடம்பெறுகிறது. இப்பகுதியைப் பொறுத்தவரை அதுவே தலைமையான செய்தி.

பாராமகால் எனப்பட்ட இந்நிலம் திப்பு சுல்தானுடன் 1792இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி கும்பினியாரின் கைக்கு வந்தது. அலெக்சாந்தர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரியை வகுத்தனர். நிலவரிக்கு அடுத்த நிலையில் வளர்ந்த வருவாய் கள்ளிலிருந்தும் சாராயத்திலிருந்தும் வந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் இதற்கு முறையான வடிவம் தந்தது. கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. கள் இறக்கும் மரத்துக்கு வரி தனி. ஏலத்தில் போட்டியிட்டுக் கடையை எடுத்தவர் கட்டிய பணத்தை மீட்க வேண்டுமானால் விற்பனையைப் பெருக்கியாக வேண்டும். அரசோ, குறைந்த குடியில் மிகுந்த வருவாய் என்பதே தன் கொள்கை என்று சொல்லிவந்தது. ஏலமுறையும் அந்தக் கொள்கையும் ஒரே கடையில் எப்படிக் குடியிருக்கும் என்பதை எவரும் விளக்கியதாகத் தெரியவில்லை. 1930களில் சென்னை மாகாணத்தின் மொத்த வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வழியில் வந்தது. சேலத்தின் தென்பகுதியில் பனையும் தென்னையும், ஓசூர் மேட்டுநிலத்தில் ஈச்ச மரமும் இதற்கு மூலம். நாட்கூலி வாங்கும் உழவுத் தொழிலாளி, நெசவாளி, வண்டியோட்டி ஆகியோரே கடையின் நிலையான வாடிக்கையாளர்கள்.

இதனை எதிர்த்த கிளர்ச்சி ஒத்துழையாமை இயக்கத்தோடு எழுந்தது. 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலும், அதில் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றதும், கள்ளுக்கு விடுவதில்லை என்று தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளைப் பெரியார் வெட்டிச் சாய்த்ததும் பலரும் அறிந்தவை. 1925இல் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். 1929இல் அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற திங்களிதழ் வெளிவந்தது. அதன் பணியில் அவருக்குத் துணையாக இருந்தவர் பின்னாளில் ‘கல்கி’ எனப் புகழ்பெற்ற கிருஷ்ணமூர்த்தி. ஒரு தனிக் கொள்கைக்காக மட்டும் நடத்தப்பட்ட தமிழ் இதழ்களின் வரலாற்றை எழுதுவோர் அதனை மறக்கலாகாது. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூரை அடுத்தது. வழக்கறிஞர் தொழில் நடத்தியதும் நகராட்சித் தலைவராக இருந்ததும் சேலத்தில். 1937 ஜூலையில் அவர் மாகாணத்தின் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றபோது, மதுவிலக்கை முதலில் எங்கே தொடங்குவது என்ற வினாவுக்கு நெடுநாள் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

அன்றைய நிலையில் இது துணிச்சலான செயல் என்பதை மறுக்கவியலாது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1920இல் தொடங்கிய மதுவிலக்கை 1933இல்தான் கைவிட்டிருந்தன. கள்ளச்சாராயக் கும்பல்களின் கதைகள் உலகெங்கும் பரவியிருந்தன. வளம் மிக்க ஒரு நாடு தோற்ற முயற்சியில் ஏழை மாகாணம் ஒன்று எப்படி வெல்லும் என்று கேட்டவர்கள் ஆளுங்கட்சிக்கு உள்ளேயும் இருந்தார்கள். அமெரிக்காவில் குடி சமூகத்தில் மதிப்புள்ள வழக்கம். இந்நாட்டிலோ சமயமும் பொதுமக்கள் கருத்தும் குடிக்கு எதிரானவை. ஆகவே அந்தத் தோல்வி இங்கே பொருந்தாது என்பது இராஜாஜி தரப்பின் விடை. இவ்விடையில் உண்மையுண்டு, முழு உண்மை இல்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி வாக்குரிமை சொத்தையும் கல்வியையும் பொறுத்தே அமைந்தது. கள்ளுக்கடையில் மாலை நேரத்தில் கூடிய கூலியாட்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் அல்லர். அவர்கள் பொருட்டு, அவர்களைக் கேளாமல் இயற்றப்பட்ட சட்டம் அது. அந்த ஆண்களின் மனைவியரும் வாக்காளர் அல்லர் என்பதையும் உடன் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். அவர்களைக் கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

சட்டம் செப்டம்பரில் நிறைவேறி, அக்டோபர் முதல் நாள் மாவட்டம் முழுவதும் கடைகள் மூடப்பட்டன. மாவட்ட ஆட்சியராக இருந்த டிக்சன் என்னும் ஆங்கிலேயர் இதனை நடத்திய முறை அக்காலத்தில் பெரிதும் பாராட்டப்பட்டது. தம் நாட்டு வழக்கத்துக்கு மாறான ஒரு கொள்கையை அவர் கடமையாகக் கருதி நிறைவேற்றினார். அவருடைய அறிக்கைகள் காந்தியடிகளின் ‘ஹரிஜன்’ இதழ்வரை எட்டின. கடையை மூடியதோடு நில்லாமல், மாலை நேரத்தின் வெறுமையை நிரப்பவும் முயன்றார்கள். தேநீர்க் கடைகள், பஜனைகள், விளையாட்டுகள், ஊர்தோறும் மதுவிலக்குக் குழுக்கள் எனப் பல ஏற்பாடுகள் நடந்தன. தேநீர் இப்பகுதிச் சிற்றூர்களில் பரவியதற்கு மதுவிலக்கும் ஒரு காரணம் எனலாம்.

அதன் பயன் என்ன? கடன் குறைந்தது, அடகு வைத்த நகையும் பாத்திரமும் மீண்டன, வாரச் சந்தையில் உணவுப்பொருளும் துணியும் மிகுதியாக விற்றன, வீட்டில் அடிதடி குறைந்தது என்று அன்றைய அறிக்கைகள் கூறுகின்றன. அரசு தன் சாதனையைத் தானே எழுதிக்கொண்ட ஏடுகள் அவை என்று ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயம் முறையானதே. ஆனால் எளிய கணக்கு ஒன்று அறிக்கையின் துணையின்றியே விளங்கும். நாட்கூலியில் ஒரு பகுதி நாள்தோறும் கடைக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டில், அந்தப் பகுதி ஓராண்டு முழுவதும் வீட்டிலேயே தங்கினால் அங்கே மாற்றம் நேராமல் இராது. பணம் படைத்தவன் குடித்தால் சேமிப்புக் குறையும். கூலிக்காரன் குடித்தால் அன்றிரவு அடுப்பு எரியாது. சேலம் மதுவிலக்கின் நியாயம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல் நின்றது. ஆங்கிலேயர் முதலியோர் உரிமம் பெற்று அயல்நாட்டு மதுவை அருந்துவதற்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது என்பதும் உண்மை. ஏழையின் கலயத்தை உடைத்து, துரையின் புட்டியை விட்டுவைத்த சட்டம் என்று எதிர்ப்பாளர் சொன்னதற்கு அது இடமளித்தது.

மரமேறிகளின் நிலை இவ்வரலாற்றில் போதிய அளவு எழுதப்படாத பகுதி. கள் இறக்குவதையே குடித்தொழிலாகக் கொண்டவர்கள் ஒரே நாளில் தொழிலிழந்தார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவதே அவர்களுக்குக் காட்டப்பட்ட மாற்றுவழி. அதற்கும் உரிமம் வேண்டும், விறகு வேண்டும், வெல்லத்துக்கு விலையும் வேண்டும். பனை மிகுந்த தென்பகுதியில் அது ஓரளவு கைகொடுத்தது. பனை குறைந்த மேட்டுநிலத்து ஈச்ச மரக்காரர்களுக்கு அவ்வாறு அமையவில்லை. மேற்கே எல்லையைத் தாண்டினால் அதே ஈச்ச மரத்திலிருந்து அதே கள்ளைச் சட்டப்படி இறக்கி விற்கலாம் என்ற நிலையும் அவர்கள் கண்ணெதிரிலேயே இருந்தது.

எல்லை குறுக்கிடும் இடம் இதுவே. 1938 அக்டோபரில் சித்தூருக்கும் கடப்பைக்கும் மதுவிலக்கு விரிந்தது. 1939 அக்டோபரில் வடஆர்க்காட்டுக்கு வந்தது. நிலப்படத்தை விரித்துப் பார்த்தால், பாரூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் கிழக்கும் வடகிழக்கும் இரண்டே ஆண்டுகளில் அடைபட்டமை புலனாகும். தொடர்ச்சியான நிலப்பரப்பாக மதுவிலக்கை வளர்க்க வேண்டும் என்ற திட்டம் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் வடக்கும் மேற்கும் அப்படியே திறந்து கிடந்தன. மைசூர்ச் சமஸ்தானம் சென்னைச் சட்டமன்றத்துக்குக் கட்டுப்பட்டதன்று. பெங்களூர்த் தண்டுப் பகுதி பிரிட்டிஷ் படையினரின் இருப்பிடம். சென்னை அமைச்சரவை எவ்வளவு உறுதி கொண்டிருந்தாலும் ஓசூருக்கு அப்பால் ஒரு கடையின் கதவையும் அதனால் சாத்த இயலாது.

இழந்த வருவாயை ஈடுகட்டும் வேலை சென்னையில் நடந்தது. 1939இல் மூன்று வரிச் சட்டங்கள் வந்தன: பொது விற்பனை வரி, கேளிக்கை வரி, மோட்டார் எரிபொருள் விற்பனை வரி. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் விதித்தது சென்னை மாகாணமே. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். குடிகாரன் கட்டிய வரியைக் குடியாதவன் தலையில் ஏற்றுகிறார்கள் என்பது அவர்கள் முறையீடு. விகிதம் அன்று மிகச் சிறிதுதான். ஆனால் அந்த விதை பிற்காலத்தில் மாநில அரசுகளின் தலையாய வருவாயாக வளர்ந்தது. சேலம் மதுவிலக்கின் நீடித்த விளைவு எது என்று கேட்டால், விற்பனை வரி என்றே விடை சொல்ல வேண்டியிருக்கும். இது முரண்நகை போலத் தோன்றினும் உண்மை. மதுவை ஒழிப்பதற்காகப் பிறந்த வரி இன்று மதுவின் மேலேயே பெருமளவில் விதிக்கப்படுகிறது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் மாநிலங்கள் தம் விருப்பப்படி விற்பனை வரி விதிப்பதற்கு எஞ்சிய பெரும்பொருள்கள் மதுவும் எரிபொருளுமே.

1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்து ஆளுநர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948இல், மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு அதனை நாட்டுக்கே உரிய வழிகாட்டு நெறியாக எழுதிவைத்தது. அடுத்து வந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் கள்ளச்சாராயம் இருந்தது, காவல்துறையில் கையூட்டும் இருந்தது. இருப்பினும் குடியென்பதே அறியாமல் ஒரு தலைமுறை வளர்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

1971 ஆகஸ்டு 30இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கே நடுவணரசு ஈட்டுத்தொகை தரும், முன்பே நடத்திவரும் தமிழகத்துக்குத் தராது என்றபோது இழப்பை ஏன் சுமக்க வேண்டும் என்பது அரசின் வாதம். தொண்ணூற்றிரண்டு வயதில் இராஜாஜி முதலமைச்சர் இல்லத்துக்கே சென்று வேண்டிக்கொண்டும் அது நிற்கவில்லை. 1974இல் மீண்டும் மூடல், 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறப்பு. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் தோற்றம். 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 1990இல் மலிவு விலை மது. 1991இல் அதன் ஒழிப்பு. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தமை. இத்தனை மாற்றங்களுக்கும் அடிப்படையாக நிற்பது சேலத்துக்காக 1937இல் இயற்றிய அதே சட்டம். ‘மதராஸ்’ என்பது ‘தமிழ்நாடு’ என மாறியதன்றி, மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரும் மாறவில்லை, ஆண்டும் மாறவில்லை. விலக்குவதற்காக எழுதிய சட்டத்தின் விதிவிலக்குகளைக் கொண்டே அரசு விற்கிறது. 2003-04இல் 3,600 கோடி ரூபாய் அளவில் இருந்த வருவாய் 2023-24இல் 45,000 கோடியைத் தாண்டியது.

இதற்கிடையில் எல்லைக்கு அப்பால் நடந்தவை இப்பகுதியை நேரடியாகத் தாக்கின. ஆந்திரத்தில் 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குச் சென்ற பெண்கள் மூட்டிய சாராய எதிர்ப்பு மாநிலமெங்கும் பரவி, 1995இல் முழு மதுவிலக்கில் முடிந்தது. 1997இல் அது கைவிடப்பட்டது. அவ்விரண்டு ஆண்டுகளும், 1938இல் கிருஷ்ணகிரிக்கும் சித்தூருக்கும் ஒருசேர இருந்த மதுவிலக்கு, சித்தூரில் மட்டும் தனியாக இருந்தது. முன்பு சேலத்துக்கு மைசூர் எப்படியோ, இப்போது சித்தூருக்குக் கிருஷ்ணகிரி அப்படி ஆயிற்று.

பெரிய கேடு கருநாடகத்தின் பக்கமிருந்து வந்தது. அங்கே 2007 ஜூலை முதல் நாள் சாராய விற்பனை தடைசெய்யப்பட்டது. சிறு பைகளில் அடைத்து மலிவாக விற்ற அந்தச் சாராயத்தை நம்பியிருந்தவர்கள் கூலிகள், கட்டடத் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள். தடையின் நோக்கம் அவர்கள் நலமே. ஆனால் கடையில் எஞ்சியிருந்த புட்டி மதுவின் விலை அவர்கள் கைக்கு எட்டவில்லை. பத்து மாதங்கள் கழித்து, 2008 மே மாதத்தில், மெத்தனால் கலந்த நச்சுச் சாராயம் பெங்களூர், கோலார்ப் பகுதிகளிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் புகுந்தது. இரு மாநிலங்களிலுமாக நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எரிசாராயம் எந்த மாநிலத்தது, காய்ச்சியவர் எந்த மாநிலத்தவர், யார் கண்காணிப்பில் தவறினார் என்று அரசுகள் ஒன்றையொன்று சுட்டின. ஒரே நஞ்சைக் குடித்தவர்களின் சாவு இரு கணக்குப் புத்தகங்களில் எழுதப்பட்டது.

இச்சம்பவத்தைக் காட்டி மதுவிலக்கே தவறு என்பாரும், காட்டாமல் மறைத்து மதுவிலக்கே வழி என்பாரும் உண்டு. இருவரும் 1937ஐ ஊன்றிப் பார்க்கவில்லை. சேலத்தில் கள்ளும் சாராயமும் நின்றபோது அரசு தன் வருவாயையும் சேர்த்தே இழந்தது. அடுத்த மாவட்டங்களையும் ஆண்டுக்காண்டு சேர்த்துக்கொண்டது. ஊரில் மாற்று ஏற்பாடு செய்தது. 2007இல் நின்றது ஏழையின் சரக்கு மட்டுமே. உயர்ந்த விலைச் சரக்கின் வருவாய் தொடர்ந்தது. அண்டை மாநிலத்தோடு எவ்வகைப் பொது ஏற்பாடும் இல்லை. முன்னது மதுவிலக்கு. பின்னது, வாடிக்கையாளரை ஒரு கடையிலிருந்து மற்றொரு கடைக்கு மாற்ற முயன்றது. அம்மாற்றத்துக்குப் பணமில்லாதவர்கள் நஞ்சை நாடினர். எல்லை மாவட்டம் ஒன்றில் தனித்து நிற்கும் தடை எதுவாயினும் இந்த ஆபத்து அதனோடு பிறந்தது. இன்றும் தமிழகத்தில் விற்பனைக்கு இல்லாத காகிதப் பெட்டி மது கருநாடகத்திலிருந்து ஓசூர் வழியே கடத்தப்படுவதும், 2013இல் தமிழகம் தடைசெய்த குட்கா அதே சாலையில் பிடிபடுவதும் அடிக்கடி வரும் செய்திகள். பெங்களூருக்கும் ஓசூர்த் தொழிற்பேட்டைக்கும் இடையே நாள்தோறும் ஓடும் ஆயிரக்கணக்கான வண்டிகளைச் சோதனைச் சாவடிகள் எத்தனை நாள் நிறுத்திப் பார்க்கும்? சென்னையில் கையெழுத்தாகும் ஆணையால் மட்டும் இப்பகுதியில் மதுவை நிறுத்தவியலாது. பெங்களூரும் அமராவதியும் உடன் கையெழுத்திட வேண்டும்; மூன்று அரசுகளும் தம் வரவுசெலவுத் திட்டத்தில் அந்தப் பெருந்தொகைக்கு மாற்றுக் காட்ட வேண்டும். 1939இல் அந்த மாற்றைத் தேடும் மனம் இருந்தது.

மக்கள் தரப்பில் கோரிக்கை ஓயவில்லை. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31இல், குமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின் மேலேறிப் போராடியபோது உயிரிழந்தார். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், இடம்பெயர்ந்த கடைகள் தம் ஊருக்குள் வருவதைத் தமிழகமெங்கும் பெண்கள் மறித்தனர். 2023 ஜூனில் இருந்த 5,329 கடைகளில் 500 மூடப்பட்டன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றபின், 1937ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனையும் தண்டமும் விதிக்க வழி செய்யப்பட்டது.

அச்சட்டம் முதன்முதலில் மூடியது கள்ளுக்கடையை. இத்தனை திறப்புகளுக்கும் மூடல்களுக்கும் பின்னர், தமிழகத்தில் 1987 சனவரியில் நிறுத்தப்பட்ட கள்ளுக்கு இன்றும் தடை நீங்கவில்லை. பனையிலும் தென்னையிலும் கள் இறக்குவதற்கு உரிமை வேண்டும் என்று உழவர் அமைப்புகள் கேட்டுவருகின்றன. அரசுக் கடையில் புட்டி மது விற்கும் ஊரில் மரத்தின் உச்சியில் கலயம் கட்டுவது குற்றமாக உள்ளது. 1937இல் பதநீருக்கு மாறச் சொல்லப்பட்ட மரமேறிகளின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உள்ள தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். மரமேறத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஓரிருவரே எஞ்சியிருக்கிறார்கள்.